மாமன் வீட்டில் தங்கிப் படிக்க

கரியாலூர் மலை
19.5.2025

தம்பி ஜெயப்பிரகாஷுக்கு,

கல்வராயன் மலை மேலிருந்து உன் அக்கா பச்சையம்மாள் எழுதுகிறேன். நலமா என்று கேட்க வாய் வரவில்லை. மூன்று வருடமாகக் கேட்காதவள் இன்றைக்குக் கேட்டால், ஏதோ காரியம் இருக்கிறது என்று உனக்கே தெரிந்துவிடும். காரியம் இருக்கிறது.

போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. மெசேஜ் போட்டால் நீலக் கோடு விழுகிறது, பதில் விழுவதில்லை. காகிதத்தைக் கிழித்துப் போடுவதற்காவது கையால் தொட வேண்டுமே, அதனால் எழுதுகிறேன். உன் பெண்சாதி இசைவாணி பிரித்துப் படித்தாலும் பரவாயில்லை. அவளுக்குத் தெரியாமல் நமக்குள் என்ன ரகசியம்.

மொழி பத்தாவது முடித்துவிட்டாள். ஐந்நூறுக்கு நானூற்று எழுபத்தொன்று. சமூக அறிவியலில் நூற்றுக்கு நூறு. அவளுக்குத் தமிழ்மொழி என்று பேர் வைத்த மாமன் நீ. உன்னை விட்டுவிட்டு ஊருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தேன்.

அவளுக்கு வரலாற்றுக் குரூப்தான் வேண்டுமாம். அவள் குணம் உனக்குத் தெரியாததா? அருவி பார்க்க வருகிற கார்க்காரர்கள் எங்கள் ஊர் முனையில் நிறுத்தி வழி கேட்பார்கள். இவள் வழியைச் சொல்லிவிட்டு, இந்த மலைக்கு ஏன் இந்தப் பேர், முன்னால் யார் ஆண்டார்கள், யாரிடம் வரி வாங்கினார்கள் என்று அரை மணி நேரம் பிடித்துக்கொள்வாள். கேட்டவன் பாவம், அருவியில் தண்ணீர் வற்றிவிடும் என்று நெளிவான். இவளுக்கு அது கண்ணில் படாது.

இங்கே மலைப் பள்ளியில் அந்தக் குரூப்புக்கு ஆள் சேரவில்லை என்று போன வருடத்தோடு மூடிவிட்டார்கள். இருப்பது சயின்ஸ் மட்டும். அதற்கும் பிசிக்ஸ் வாத்தியார் கிடையாது. தலைமையாசிரியர் முன்னால் போய் நின்றேன். "இன்னாம்மா, இவ்ளோ மார்க் எடுத்துட்டு ஹிஸ்டரியா? மார்க் கம்மியா எடுத்த புள்ளைங்கள தள்ற எடம்மா அது. டாக்டருக்குப் படிக்க வை" என்றார். பிசிக்ஸுக்கு வாத்தியார் எங்கே சார் என்றேன். "வருவாங்க" என்றார். மழை வரும் என்கிற மாதிரி சொன்னார்.

கள்ளக்குறிச்சியில் பெண்கள் பள்ளியில் வரலாற்றுக் குரூப் இருக்கிறதாம். விடுதியில் சேர்க்கலாம் என்றேன். உன் மாமா திருப்பூரிலிருந்து போனில் கத்துகிறார்: "தம்பி வூடு அங்க இருக்கசொல்ல பொட்டப் புள்ளைய ஹாஸ்டல்ல போட்டா ஊரு இன்னா பேசும்? அவன் வூட்ல வுடு. இல்லன்னா படிச்சது போதும்." சொல்லிவிட்டுப் பனியன் கம்பெனிக்குள் போய்விட்டார். மரவள்ளியை நம்பி என்னை மலைக்குக் கூட்டி வந்ததும் அவர்தான். கிழங்கு விலை விழுந்ததும் என்னை அங்கன்வாடிக் குழந்தைகளோடு விட்டுவிட்டுக் கீழே இறங்கினதும் அவர்தான். அதிகாரம் மட்டும் மலையேறி வந்துவிடும்.

இரண்டு வருடம் அவளை உன் வீட்டில் வைத்துக்கொள்வாயா?

ஒன்றே ஒன்று. மஞ்சள் நீராட்டில் வந்த பேச்சு மறுபடி வேண்டாம். அன்றைக்கு நீ மேளம் வைத்துச் சீர் கொண்டு வந்தாய். இசைவாணி சபையில் எழுந்து, "எங்க வேந்தனுக்கு இவதான்" என்றாள். உன் மகன் கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இசைவாணி நீட்டிய மோதிரத் தட்டைத் திருப்பிக் கொடுத்தேன். நீ சாப்பிடாமல் எழுந்து போனாய். தாய்மாமன் கை நனைக்காமல் போன வீடு என்று இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள். சபையில் வைத்துத் திருப்பினது தப்பு. திருப்பினது தப்பில்லை. அவள் படிக்க வேண்டும்.

முடியாது என்றால் பதில் எழுதாதே. புரிந்துகொள்கிறேன்.

அக்கா


கள்ளக்குறிச்சி
25.5.2025

அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. உன் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்கு எட்டாம் வகுப்பு ஞாபகம் வந்தது. என் வீட்டுப்பாடத்தை எல்லாம் நீதானே எழுதினாய்.

போனை எடுக்காததற்குக் காரணம் இருக்கிறது. உன்னோடு பேச மாட்டேன் என்று அப்பா படத்துக்கு முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டேன். சத்தியம் பேச்சுக்குத்தான், எழுத்துக்கு இல்லை என்று இசைவாணி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அதனால் எழுதிக்கொள்வோம். போன் வேண்டாம். உனக்கும் அங்கே டவர் சரியாகக் கிடைக்காதே.

என் வயிற்றெரிச்சலையும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்ல மாட்டேன். அன்றைக்குச் சாப்பிடாமல் நான் மட்டுமா வந்தேன்? மேளக்காரர்களும் பட்டினி. கச்சிராயப்பாளையத்தில் வண்டியை நிறுத்தி அவர்களுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். அவர்கள் முன்னால் அழக்கூடாது என்று நானும் இரண்டு தின்றேன். அக்கா மகளுக்குச் சீர் செய்யப் போய்ப் பரோட்டா தின்று வந்த தாய்மாமன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தன்தான்.

போகட்டும். மொழி மார்க்கைக் கடையில் எல்லாரிடமும் சொன்னேன். ஆனால் அக்கா, ராஜா ராணி கதை படித்து என்ன வேலைக்குப் போவாள்? என் மோட்டார் வைண்டிங் கடைக்கு வருகிற எவனும், "மோட்டார் எரிஞ்சி போச்சி, ஹிஸ்டரி படிச்ச ஆளைக் கூப்பிடு" என்று சொன்னதில்லை. வேந்தனை டிப்ளமோவில் போட்டேன். அவன் அரியர் வைத்துக்கொண்டு என்னோடு உட்கார்ந்து மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறான். ஆனாலும் கையில் ஒரு தொழில் இருக்கிறது.

திட்டாதே, பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டு வந்துதான் எழுதுகிறேன். சயின்ஸ் குரூப் மேசையில் அடிதடி. வரலாற்றுக் குரூப் மேசையில் ஒரு டீச்சரம்மா தனியாக உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். ஜெபீனா என்று பேர். மார்க்கைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். "நெஜமாவா சார்? அந்தப் பொண்ணே கேட்டுச்சா?" என்று இரண்டு தடவை கேட்டார். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட எனக்கு அப்படி மரியாதை கிடைத்ததில்லை.

அனுப்பு. அந்தப் பேச்சை நான் எடுக்க மாட்டேன்.

தம்பி


கரியாலூர் மலை
1.6.2025

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை மொழியே கொண்டுவந்து கொடுப்பாள். நாளைக்கு அங்கன்வாடியில் ஆய்வு இருக்கிறது, நகர முடியவில்லை. பக்கத்து வீட்டு அம்மாசி கிழங்கு வியாபாரத்துக்குக் கீழே வருகிறார், அவர்தான் கூட வருகிறார்.

உன் பதிலைப் படித்து அழுதேன், சிரித்தேன். பரோட்டாவுக்குச் சேர்த்து ஒருநாள் உனக்கு இலை போட்டுப் பரிமாற வேண்டும்.

நீ எடுத்த பட்டு என் பெட்டியில்தான் இருக்கிறது. மோதிரத்தைத் திருப்பினேன், பட்டைத் திருப்பவில்லை. அன்றைக்கு அது அவள் உடம்பில் இருந்தது. இன்றைக்கு அதையே கட்டி அனுப்புகிறேன். மாமன் எடுத்த புடவையில் மாமன் வீட்டுப் படியேறட்டும், பழசெல்லாம் அதோடு போகட்டும். வெறுங்கையோடு வரக் கூடாது என்று தட்டில் வெற்றிலை பாக்கும் மஞ்சளும் தேங்காயும் வைத்திருக்கிறேன். கூடையில் பலா, தேன், மிளகு, இரண்டு படி சாமை அரிசி.

பட்டுக்கு இவள் ஒரே ரகளை. "எதுக்கும்மா? நான் ஸ்கூலுக்குத்தான போறேன்?" என்கிறாள். "வாய மூடிக்கினு கட்டு. கோவிச்சிக்கினு போன மாமன் வூட்டுக்குப் போற மொறை இது" என்றேன்.

காலையில் எழுப்பினால் எரிந்து விழுவாள். கத்தரிக்காய் சாப்பிட மாட்டாள். கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்வாள், பொறுத்துக்கொள். படிக்கிற இடத்தில் ஒரு லைட் போட்டுக்கொடு.

அக்கா


கள்ளக்குறிச்சி
9.6.2025

அக்காவுக்கு,

பிள்ளை பத்திரமாக வந்து சேர்ந்தாள். பள்ளியில் சேர்த்தாகிவிட்டது. லைட்டும் போட்டாகிவிட்டது, என் வீட்டில் கரண்ட் வேலைக்கு ஆளா கேட்க வேண்டும்.

பட்டைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் வாசலில் சும்மா நின்றிருந்தேன். இசைவாணி அவள் அண்ணன் வீட்டையும், மூங்கில்துறைப்பட்டு ஆலையில் இருக்கிற அவள் சித்தப்பாவையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். எனக்கே காலையில்தான் சொன்னாள். மொழி பட்டும் தட்டுமாய் இறங்கினதும் ஆரத்தி எடுத்தாள். தட்டை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு தட்டு கொடுத்தாள். வந்த தட்டுக்குப் பதில் தட்டு கொடுப்பது வழக்கம்தானே. வேந்தனைப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். வீட்டுப் பிள்ளைகள், எடுத்தால் என்ன? நீ யாராவது சொல்லிக் கேட்டு மனசைக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று நானே எழுதுகிறேன்.

காலையில் வேந்தன் வண்டியில் கொண்டுபோய் விடுகிறான், சாயங்காலம் கூட்டி வருகிறான். ஒரு சின்ன விஷயம். அவள் அவனை "அண்ணா" என்று கூப்பிடுகிறாள். முதல் நாள் சோறு போடும்போது, "அண்ணா, தண்ணி குடு" என்றாள். இசைவாணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "மொறைய கெடுக்குறா உங்க அக்கா பொண்ணு" என்று இன்னும் முணுமுணுக்கிறாள். மாமா என்று கூப்பிட வேண்டாம். பேர் சொல்லியாவது கூப்பிடட்டும். நீ ஒரு வார்த்தை சொல்லிவை.

தம்பி


கரியாலூர் மலை
22.6.2025

ஜெயப்பிரகாஷ்,

நீ சொல்வதற்கு முன்னாலேயே சேதி மலையேறிவிட்டது. அம்மாசி கிழங்கு மூட்டையை இறக்கிவிட்டு நேராக என் வாசலுக்கு வந்தார். "இன்னா பச்சம்மா, ஊருக்குச் சோறு போடாம நிச்சயத்த முடிச்சிட்ட?" என்றார். சாப்பாட்டுப் பந்தியில் அவரும்தானே உட்கார்ந்திருந்தார்.

வந்த தட்டுக்குப் பதில் தட்டா? யாருக்குக் காது குத்துகிறாய்? நாலு பேரை வைத்து, ஆரத்தி எடுத்து, பையனைப் பக்கத்தில் நிறுத்திக் கொடுத்தால் அதற்கு என்ன பேர் என்று உனக்குத் தெரியாதா? அம்மா இல்லாத நேரத்தில், பதினைந்து வயசுப் பிள்ளை, புத்தகப் பையை எங்கே வைப்பது என்று முழித்துக்கொண்டு நின்றவள் கையில் தட்டைத் திணித்திருக்கிறீர்கள்.

என்னையும் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். பட்டைக் கட்டிவிட்டது நான். வெற்றிலை பாக்கு வைத்தது நான். அந்தப் பிள்ளை வேண்டாம் வேண்டாம் என்றது. நான் உன் கோபத்தைத் தணிக்கிறதிலேயே குறியாக இருந்தேன். உன் வீட்டில் அதை எப்படிப் பார்ப்பார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா?

வந்திருந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் நீயே போய், அது நிச்சயம் இல்லை, படிக்க வந்த பிள்ளை என்று சொல்லிவிட்டு வா. நீ சொன்னால்தான் எடுபடும்.

அண்ணா என்றே கூப்பிடச் சொல்லிவிட்டேன்.

பச்சையம்மாள்


கள்ளக்குறிச்சி
13.7.2025

அக்காவுக்கு,

மூன்று முறை எழுதி மூன்று முறை கசக்கிவிட்டேன்.

நான் யார் வீட்டுக்கும் போகவில்லை. போக முடியவில்லை. நீ சபையில் ஒரு தட்டைத் திருப்பினாய், நமக்கு மூன்று வருடம் போயிற்று. நானும் ஒன்றைத் திருப்பினால் என் வீட்டில் அடுப்பு எரியாது. இசைவாணியிடம் கெஞ்சி ஒன்று வாங்கியிருக்கிறேன்: பன்னிரண்டாவது முடிகிற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அதற்குள் எத்தனையோ மாறும். வேந்தன் மாறுவான், மொழி மாறுவாள். தள்ளிப்போட்டே ஒரு காரியத்தை முடிக்க முடியாதா? நான் கடையில் அப்படித்தான் முடிக்கிறேன்.

அவள் நன்றாகப் படிக்கிறாள். அதைச் சொன்னால் உனக்குச் சந்தோஷமாக இருக்கும். போன வாரம் கடைக்கு வந்து உட்கார்ந்து, "மாமா, கரண்ட் மோட்டார் வர்றதுக்கு முன்னாடி கவலை எறச்ச ஆளுங்கள்லாம் அப்புறம் எங்க போனாங்க?" என்று கேட்டாள். எனக்குக் கையில் கம்பி நின்றுவிட்டது. நம்ம அப்பா ஊரான் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்தவர்தானே. மோட்டார் வந்ததும் அவருக்குக் கூலி போனது. அந்த மோட்டாரைப் பழுது பார்த்துத்தான் நான் சாப்பிடுகிறேன். இருபது வருடமாக இது எனக்குத் தோன்றவே இல்லை அக்கா. அன்றைக்கு முழுக்க அதே யோசனையாக இருந்தேன். ராஜா ராணி கதை என்று சொன்னேன் இல்லையா, அதை வாபஸ் வாங்குகிறேன்.

மறைக்கவும் மனசு வரவில்லை. வேந்தன் அந்தப் போட்டோவை ஸ்டேட்டஸில் போட்டுவிட்டான். அவள் வகுப்புப் பெண்கள் பார்த்துவிட்டார்கள். அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஜெபீனா டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "சார், ஒரு வார்த்தை சொல்லிடுங்க, அப்படி ஒண்ணும் இல்லன்னு. அந்தப் பொண்ணு க்ளாஸ்ல பேசறதே இல்ல" என்றார். அப்படி ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அவரிடம் சொல்ல முடிந்தது.

இசைவாணியின் அம்மாவுக்கு உடம்பு ரொம்ப முடியவில்லை. கண்ணை மூடுவதற்குள் பேரன் கல்யாணத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார். கிழவி பேச்சு. நீ பயப்படாதே.

தம்பி


கள்ளக்குறிச்சி
20.8.2025

பச்சையம்மாளுக்கு,

நேற்று என் வீட்டு வாசலில் ஜீப் வந்து நின்றது. இரண்டு அதிகாரி அம்மாக்களும் ஒரு போலீஸும். தெரு முழுக்க வெளியே வந்து பார்த்தது. எனக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியைக் கொடுக்காதவன்கூட வந்து கைகட்டி நின்று பார்த்தான். மைனர் பெண்ணுக்குக் கல்யாணம் செய்ய மாட்டேன் என்று என்னையும் இசைவாணியையும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டோம்.

ஆவணி முகூர்த்தத்தில் கோயிலில் வைத்துத் தாலி மட்டும் கட்டிவிடுவது, படிப்பு பாட்டுக்குப் படிப்பு என்று இசைவாணியின் அம்மா வீட்டில் பேசியது உண்மை. நான் சரி என்று சொல்லவில்லை. கூடாது என்றும் சொல்லவில்லை. கிழவி படுத்திருக்கிற வீட்டில் எப்படிச் சொல்வது? கடைசி நேரத்தில் நிறுத்தியிருப்பேன். நீ நம்ப மாட்டாய்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதிகாரிகளுக்குச் சொல்லிவிட்டாய். கூடப் பிறந்தவனைக் காட்டிக்கொடுத்துவிட்டாய். மோதிரத் தட்டைத் திருப்பினதுகூடப் பெரிசில்லை.

மொழியை இன்று காலை கரியாலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். புத்தகம் எடுக்கக்கூட இசைவாணி அவளை உள்ளே விடவில்லை, துணிப் பை மட்டும்தான் வெளியே வந்தது. இனிமேல் எழுதாதே.

ஜெயப்பிரகாஷ்


கரியாலூர் மலை
31.8.2025

தம்பிக்கு,

எழுதாதே என்றாய். இதை மட்டும் படித்துவிடு.

நான் சொல்லவில்லை. ஆவணியில் நாள் குறித்தது எனக்குத் தெரியவே தெரியாது. தெரிந்திருந்தால் நானே சொல்லியிருப்பேன், அது வேறு. சொன்னது மொழி.

பஸ்ஸிலிருந்து இறங்கினவளை முதலில் நான் அடித்தேன். நீ அனுப்பிவிட்டாய் என்றதும் அவள்தான் ஏதோ தப்பு செய்தாள் என்று அடித்தேன். அவள் அழவில்லை. "நான்தான்மா போன் பண்ணேன். ப்ரெண்டு போன்ல. புக்குலயே நம்பர் போட்டிருக்கு. பதினெட்டு வயசுக்கு முன்னாடி கல்யாணம் பண்ணக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, பாடத்துலயே இருக்குமா. படிச்சதத்தான செஞ்சேன்?" என்றாள். எனக்குச் சொல்லியிருக்கலாமே என்றேன். "நீதானமா பட்டு கட்டி அனுப்புன" என்றாள்.

ஜீப்பில் வந்த அம்மா நல்லவர். இங்கே மலைக்கும் வந்தார். "எங்க இல்லத்துல தங்க வெக்கிறோம்மா. அதே ஸ்கூலு, அதே க்ளாஸு. பொண்ணு தைரியமான பொண்ணு" என்றார். நான் சரி என்றேன். மொழி அதற்குள் துணியை மடித்து வைத்துவிட்டாள். உன் மாமா திருப்பூரிலிருந்து வந்து இறங்கினார். "அப்பன் ஆத்தா உயிரோட இருக்கசொல்ல அநாத ஆசிரமத்துலயா? மாமன் மேல கேஸு குடுத்தவன்னு ஏற்கெனவே ஊரு காறித் துப்புது" என்றார். இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் சண்டை போட்டேன் தம்பி. மூன்றாம் நாள் அவரே பெண்கள் பள்ளிக்குப் போய் மாற்றுச் சான்றிதழை வாங்கி வந்துவிட்டார். ஜெபீனா டீச்சர் வாசல் வரைக்கும் பின்னாலேயே வந்து கெஞ்சினாராம். அதையும் இவரே பெருமையாகச் சொல்கிறார்.

மலைப் பள்ளியில் சயின்ஸ் குரூப்பில் சேர்த்தாகிவிட்டது. பிசிக்ஸ் வாத்தியார் இன்னும் வரவில்லை. அந்த நேரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களாம். தலைமையாசிரியர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார், "நான் அப்பவே சொன்னேன்ல" என்று.

அக்கா


கள்ளக்குறிச்சி
19.10.2025

அக்காவுக்கு,

நாளைக்குத் தீபாவளி. ஊரெல்லாம் வெடிக்கிறது. இசைவாணியின் அம்மா போன மாதம் போய்விட்டார், எங்கள் வீட்டில் பண்டிகை இல்லை. கடையை அடைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்து எழுதுகிறேன்.

வேந்தனுக்கு அவன் மாமன் வீட்டிலேயே வேறு பெண் பேசியிருக்கிறார்கள். சின்னசேலத்தில் இருக்கிறது பெண். அவனும் சரி என்றான். எனக்குப் பொறுக்கவில்லை. "மொழியக் கட்டிக்கணும்னு உனக்கு ஆசையே இல்லியாடா?" என்று கேட்டேன். "அம்மா நிக்கச் சொல்லிச்சு, நின்னேன். போட்டோ போடச் சொல்லிச்சு, போட்டேன்" என்றான். அவ்வளவுதான். இந்த ஒரு கேள்வியை நான் ஜூன் மாதத்திலேயே கேட்டிருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றேன். நீ எவ்வளவு திட்டினாலும் தகும்.

ஜெபீனா டீச்சர் கடைக்கே வந்தார். மிக்ஸி மோட்டார் என்று கொண்டுவந்தார், அதில் ஒரு பழுதும் இல்லை. "மொழி எப்படி சார் இருக்கா?" என்று கேட்கத்தான் வந்திருக்கிறார். அரையாண்டுக்கு முன்னால் வந்தால் மேலே எழுதிக் கேட்டுத் திரும்பச் சேர்த்துக்கொள்ளப் பார்க்கிறேன் என்றார். அனுப்பு அக்கா. இசைவாணியும் இனித் தடுக்க மாட்டாள். என் வீடு வேண்டாம் என்றால் அந்த இல்லத்திலேயே இருக்கட்டும், மாமா காலில் நான் வந்து விழுகிறேன். அவள் புத்தகமெல்லாம் அந்த லைட்டுக்குக் கீழே அப்படியே இருக்கிறது. நான் யாரையும் தொட விடவில்லை.

தம்பி


கரியாலூர் மலை
9.11.2025

தம்பிக்கு,

உன் கடிதத்தை அவளிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்தாள். மடித்துக் கொடுத்தாள். "வேணாம்மா" என்றாள்.

உன் மேல் கோபமா என்றேன். இல்லையாம். அப்பாவுக்குப் பயந்தா என்றேன். இல்லையாம். வரலாறு படிக்க வேண்டும் என்று நீதானேடி ஒற்றைக் காலில் நின்றாய் என்றேன். "படிச்சத நம்பித்தான் போன் பண்ணேன். இன்னா ஆச்சி? படிச்சதும் போச்சி, மாமாவும் போச்சி. இதுவே இருக்கட்டும்" என்றாள். சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனாள். கத்தியிருந்தால் எனக்குத் தைரியமாக இருந்திருக்கும்.

நான் விடவில்லை. ஒரு வாரமாகக் கேட்கிறேன். டீச்சர் பேரைச் சொல்லிப் பார்த்தேன். கவலை இறைத்த தாத்தா கதையைச் சொல்லிப் பார்த்தேன். தலையை மட்டும் ஆட்டுகிறாள். காலாண்டுத் தேர்வில் பிசிக்ஸில் பெயில். அதற்கும் அழவில்லை. புத்தகத்தை நீ ஜெபீனா டீச்சரிடம் கொடுத்துவிடு, வேறு பிள்ளை யாராவது படிக்கட்டும்.

சனி ஞாயிறில் அம்மாசியோடு ரோட்டு முனையில் அன்னாசி விற்கப் போகிறாள். நான் போகச் சொல்லவில்லை, அவளாகவே போகிறாள். இன்றைக்கு நானும் கூட உட்கார்ந்திருந்தேன். சேலத்துக்காரர்கள் ஒரு காரில் வந்தார்கள். கூட மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெண், ஆறாவதோ ஏழாவதோ படிக்கும். அது இறங்கி நேராக இவளிடம் வந்து, "அக்கா, இந்த மலைக்கு ஏன்க்கா கல்வராயன்னு பேரு?" என்று கேட்டது.

எல்லாச் சாமியையும் கும்பிட்டேன். ஆரம்பித்துவிடுவாள், அரை மணி நேரம் பிடித்துக்கொள்வாள், கார்க்காரன் ஹாரன் அடிப்பான், நான் "போதும்டி வுடுடி" என்று அதட்டுவேன் என்று காத்திருந்தேன்.

"தெரியாதுங்க" என்றாள். மிளகாய்த்தூள் போடலாமா வேண்டாமா என்று கேட்டுவிட்டு, அன்னாசியை நறுக்கிக் கொடுத்தாள்.

அக்கா